எல்லாக் குடமும் நிறையும் வரை

எங்கள் பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற நாச்சிமுத்து, டேங்குக்கு அடியில் இருக்கிற மேட்டுத் தெரு வால்வுக் குழிக்குள் இறங்கி நின்று இன்றோடு ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆகிறது. குழி இடுப்பளவு ஆழம். மேலே தகரக் கூரை போட்டாயிற்று, மழைச்சாரல் அடிக்காமல் இருக்க இரண்டு பக்கம் தார்ப்பாய் கட்டியாயிற்று, பேச வருகிறவர்கள் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகூட ஆபீசிலிருந்து கொடுத்துவிட்டார்கள். அவர் வேலையில்தான் இருக்கிறார் என்பதால் வருகைப் பதிவேட்டைத் தினமும் ஒன்பது மணிக்குக் குழிக்கே கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போகிறார்கள். வெளியூர்க்காரர்கள்தான் நின்று நின்று பார்க்கிறார்கள். எங்களுக்கு அது பஸ் ஸ்டாப் மாதிரி ஆகிவிட்டது.

நான் குணவதி. டேங்குக்கு எதிரே ஜாக்கெட் தைக்கிற கடை என்னுடையது, வீடு மேட்டுத் தெருவில். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாக இடது இடுப்பில் ஒரு குடமும் வலது கையில் ஒரு குடமுமாக மேடேறியவள். எட்டு நாளைக்கு ஒரு முறை வரும் தண்ணீர், பள்ளத் தெருவில் பாத்திரம் கழுவி வாசல் தெளித்து வண்டி கழுவிய பிறகு எங்கள் தெருவுக்கு வரும்போது, முதல் அரை மணி நேரம் வெறும் காற்றும், அடுத்த கால் மணி நேரம் செம்மண் குழம்பும், கடைசியில் நூல் மாதிரி ஒரு ஒழுக்கும்தான் வரும், அது வந்து மூன்றாவது குடம் வைப்பதற்குள் நின்றும் போகும். மேட்டுத் தெருவுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் அந்தப் பெண்ணின் இடுப்பை ஒடியக் கொடுத்த மாதிரி என்று எங்கள் காதுபடவே சொல்வார்கள்.

நாச்சிமுத்துவின் தங்கை பூங்கோதை கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவள். அங்கே அவள் பார்ப்பது கணினிக்குச் சின்னச் சின்ன மொழிகள் செய்கிற வேலை. லிஃப்டுக்கு ஒரு மொழி, ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் கருவிக்கு ஒரு மொழி என்று செய்து கொடுப்பாள். சனிக்கிழமை சனிக்கிழமை ஊருக்கு வருவாள். வால்வுகளுக்கெல்லாம் மோட்டார் மாட்டி, டேங்குக்கு அடியில் ஒரு பெட்டி வைத்தபோது, அந்தப் பெட்டியோடு பேச அண்ணனுக்கு என்று ஒரு மொழி செய்தாள். ஆறு மாசம் டேங்க் படியில் உட்கார்ந்து, அண்ணன் எப்படிச் சொல்கிறார், எதை முதலில் சொல்கிறார், எதைச் சொல்லாமலே விடுகிறார் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். அவர் லிட்டர் என்று சொல்லவே இல்லை, குடம் என்றுதான் சொன்னார், அதனால் மொழியிலும் குடம்தான் அளவு.

ஒரு நாள் பட்டன் தைத்துக்கொண்டே நான் கேட்டேன், ஊரில் இருக்கிற மொழி போதாதா என்று.

"ஊர்ப் பாஷைல எதை வேண்ணாலும் சொல்லலாங்கக்கா," என்றாள். "அதுலதான் எல்லாரும் ஏமாத்தறாங்க. இது தண்ணி தொறக்கறதுக்கு மட்டும். ஆறே வார்த்தை. வேற எதுவும் இதுல சொல்ல முடியாது. சொல்ல முடியாதுங்கறதுதானுங்க இதோட பலமே."

ஆறு வார்த்தை: திற, மூடு, காத்திரு, வரை, பிறகு, முறை. 'பள்ளத் தெரு திற, முந்நூறு குடம் வரை. பிறகு மூடு.' அவ்வளவுதான். தப்பாக எழுதினால் பெட்டி திட்டாது, நாச்சிமுத்து பேசுகிற மாதிரியே, 'இந்தத் தெரு எதுன்னு எனக்குத் தெரியலீங்களே' என்று பதில் எழுதும். ஏழாவதாக ஒரு வார்த்தை இருந்தது, ரத்து. அதை எடுக்கச் சொன்னதே நான்தான். வார்டு மெம்பர் வீட்டில் விசேஷம் என்றால் நாச்சிமுத்துவுக்குப் போன் வரும், எங்கள் தெரு முறை ரத்தாகும். மெம்பருடைய மச்சினன் வீட்டில் விசேஷம் என்றாலும் ரத்தாகும். "அந்த வார்த்தையே வேண்டாம் அம்மிணி, எழுதினா எழுதினதுதான்னு வெச்சுரு," என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அதை அழித்தாள். அதோடு விடாமல், இரண்டு கட்டளை மோதிக்கொண்டால் முந்தி எழுதினதுதான் நிற்கும், பிந்தி வந்தது காத்திருக்க வேண்டும் என்றும் வைத்தாள், ஏனென்றால் எங்கள் ஊரில் பிந்தி வந்து போன் பண்ணுகிறவன்தான் எப்போதும் ஜெயிப்பான். இரண்டுமே நியாயமான காரியம். இன்றைக்குக் கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்வேன்.

சித்திரை மாசம் ஒரு இடி விழுந்து பெட்டி கரிந்துபோயிற்று. உள்ளே இருந்த பலகை அடுப்புக்கரி நிறத்துக்கு வந்துவிட்டது, ஒயர் எல்லாம் உருகி வழிந்திருந்தது, ஆனாலும் மறுநாள் காலை ஆறு மணிக்குப் பள்ளத் தெரு வால்வு தானாகத் திறந்து முந்நூறு குடத்துக்குத் தானாக மூடிக்கொண்டது. ஆபீசில் பெட்டி பழுது என்று எழுதுவதா, பழுதில்லை என்று எழுதுவதா என்று இரண்டு நாள் பேசிவிட்டு, தண்ணீர் வருகிறதல்லவா என்று விட்டுவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் நாச்சிமுத்து எங்கேயோ போகிற அவசரத்தில் டீக்கடைக் காகிதத்தில் ஒரு கட்டளையை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள, வால்வு அதற்கும் திறந்தது, காகிதத்தின் அடியிலே பொடி எழுத்தில் 'ஆச்சுங்க' என்று பதிலும் வந்திருந்தது.

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? திறந்து மூடுகிற பொருள் எதுவானாலும் அந்த ஆறு வார்த்தைக்குக் கட்டுப்பட்டது. பூக்காரம்மா கூடைக்கு மேலே 'மொட்டு மூடு, சந்தை கூடும் வரை' என்று எழுதி வைத்தாள், மல்லிகை சொன்ன பேச்சுக் கேட்டது. மண்டபக் கதவு முகூர்த்தத்துக்குத் தானாகத் திறந்தது, கோழிக் கூண்டு வெளிச்சம் பார்த்துத் திறந்தது, தொட்டில் கயிற்றில் 'கண் மூடு, உலை கொதிக்கும் வரை' என்று கட்டிவைத்து ஊரில் பாதிப் பெண்கள் நிம்மதியாகச் சமைத்தார்கள். பூசாரி மட்டும் சாமி நடைக்கு இதெல்லாம் ஆகாது என்று சண்டை போட்டார், பிறகு அவரே காலையில் அரை மணி கூடுதலாகத் தூங்க ஆரம்பித்தார். எழுதியதைக் கிழித்தாலும் எரித்தாலும் போகாது, அது தன் 'வரை' வந்துதான் முடியும், அதனால் யாராவது காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தால் போகிற வருகிறவர்கள் எல்லாம் "வரை போட்டியா, வரை போட்டியா" என்று கேட்டுக்கொண்டு போவது எங்கள் ஊரில் சௌக்கியமா என்று கேட்கிற மாதிரி ஆயிற்று. ஒரு டிரைவர் வரை போடாமல் தன் வண்டிக் கதவை மூடிவிட்டு இன்றுவரை ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்குகிறார்.

ஆட்கள் பேர் மட்டும் செல்லாது. மாமியார்கள் மருமகள்களை எழுதிப் பார்த்தார்கள், மருமகள்கள் மாமியார் வாயை எழுதிப் பார்த்தார்கள், 'இவுங்க ஆருன்னு எனக்குத் தெரியலீங்களே' என்றுதான் பதில் வந்தது. பூங்கோதை மொழியில் எழுதிவைத்த பேர்ப் பட்டியலில் தெருக்கள், டேங்க், வால்வுகள், அப்புறம் ஆள் என்று நாச்சிமுத்து ஒருத்தர்தான். முதல் முதலில் சோதித்துப் பார்த்தபோது 'நாச்சிமுத்து காத்திரு, பத்துக் குடம் வரை' என்று விளையாட்டாக எழுதி அண்ணனைச் சிரிக்க வைப்பதற்காகப் பட்டியலில் அந்தப் பேரைச் சேர்த்தவள், அதைத் திரும்ப எடுக்க மறந்துவிட்டாள். வேலை மும்முரத்தில் யாருக்கும் வருகிற மறதிதான்.

ஆனி மாசம் எங்கள் முறை அன்று, வழக்கம்போல நூல் மாதிரி ஒழுகி நின்றது. நான் காலிக் குடத்தோடு நேரே டேங்குக்குப் போனேன். எனக்குப் பின்னால் தெருவே வந்தது.

"முந்நூறு குடம் உட்டாச்சுங்கக்கா, கணக்கு செரியா இருக்குது," என்றார் நாச்சிமுத்து.

"காத்துக்கும் சேத்துத்தான் கணக்கா?" என்றேன். "இருவத்திரண்டு வருஷத்துல ஒரு நாளாச்சும், எங்க தெருவுல எல்லாக் குடமும் நெறையற வரைக்கும் நின்னு பாத்திருக்கியா நீ? மணி அடிச்சா ஊட்டுக்குப் போயி படுத்துக்கறவனுக்கு எங்க இடுப்பு எப்படித் தெரியும்?"

அவர் மனைவி சம்பூரணம் அப்போது அஞ்சு மாசம், எட்டு வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை. அவள் சோற்றுத் தூக்கோடு அங்கே நின்றுகொண்டிருந்தாள், அவள் முன்னால்தான் சொன்னேன்.  நாச்சிமுத்து முகம் கறுத்துப் போய், ரோஷத்தோடு காகிதத்தை எடுத்து, 'மேட்டுத் தெரு திற. எல்லாக் குடமும் நிறையும் வரை நாச்சிமுத்து காத்திரு. பிறகு மூடு' என்று எழுதி என் கையில் கொடுத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார். வரை போட்டிருக்கிறாரே என்று நாங்களும் சமாதானமானோம்.

அன்றைக்குத் தெருவில் வந்தது தண்ணீர்! குடங்கள் நிறைந்தன, அண்டா நிறைந்தது, கல்யாணச் சீராக வந்து பரண்மேல் கிடந்த பித்தளைத் தவலை எல்லாம் முதல் முறையாகத் தண்ணீரைக் கண்டன, பிள்ளைகள் குழாயடியிலேயே குளித்தன, எழுபது வயதுக் கிழவர் ஒருத்தர் காலை நீட்டிக் குழாய்க்கு அடியில் வைத்துக்கொண்டு எடுக்கவே மாட்டேன் என்றார். சாயங்காலம் ஆயிற்று, மறுநாள் ஆயிற்று, நாச்சிமுத்து குழியிலிருந்து காலை எடுத்துப் பார்த்தார், வரவில்லை. வலியில்லை, களைப்பில்லை, கால் மட்டும் குழியை விடவில்லை. நாலு பேர் தோளைப் பிடித்து இழுத்தார்கள், கிரேன்கூடக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் மட்டும் மேட்டுத் தெருவுக்கு வந்துகொண்டே இருந்தது, பகல் முழுக்க, அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும்.

சனிக்கிழமை பஸ்ஸில் இறங்கி வந்த பூங்கோதை காகிதத்தைப் படித்துவிட்டுக் குழி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தாள்.

"ஆரு ஊட்லயோ ஒரு குடம் காலியா இருக்குதுண்ணா," என்றாள்.

"ஒரு குடந்தான? தேடினா கெடச்சுரும் போ," என்றார் அவர்.

அறுபத்திரண்டு வீட்டுக்கும் அவள் ஏறி இறங்கினாள். சாக்பீஸால் ஒவ்வொரு குடத்துக்கும் நம்பர் போட்டாள், நானூற்றுப் பதினேழு குடம். பூட்டிக் கிடந்த வீட்டைச் சாவி வரவழைத்துத் திறந்து உள்ளே இருந்த ஒரு செப்புக் குடத்தையும் நிறைத்தாள். நாங்கள் எல்லோரும் கூடவே போனோம், தூக்கிக் கொடுத்தோம், ஓட்டைக் குடங்களை ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் எறிந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, பழைய மொழியைப் பிரித்து, ரத்து என்ற வார்த்தையைச் சேர்த்து, புதிதாகப் பின்னினாள். அவளுடைய லேப்டாப்பில் அது அழகாக ஓடியது. குழி ஓரத்தில் காகிதத்தில் எழுதினால், 'இந்த வார்த்தை எனக்குத் தெரியலீங்களே' என்று பதில் வந்தது. 'நாச்சிமுத்து குழி திற' என்று எழுதினாள், 'முந்தி ஒண்ணு நிக்குதுங்க, இது காத்திருக்கட்டுங்க' என்று வந்தது. மறுபடி மறுபடி எழுதினாள், காகிதம் தீரும் வரை எழுதினாள், ஒவ்வொன்றுக்கும் அண்ணனுடைய பேச்சிலேயே அத்தனை மரியாதையாகப் பதில் வந்தது.

"நாந்தான உன்னைப் பண்ணுனேன்," என்று அவள் காகிதத்தைப் பார்த்துக் கத்தினதை நான் கடையிலிருந்து கேட்டேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டேன். 

ஐப்பசியில் சம்பூரணத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் குழிக்குத் தூக்கி வந்து, நாச்சிமுத்துதான் காதில் பேர் சொன்னார். அதே மாசம் என் மகனுக்கு வரன் அமைந்தது. மூன்று இடத்தில் மேட்டுத் தெருவா என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் போன ஜாதகம் அது. பெண்ணின் அம்மா எங்கள் வீட்டில் முதலில் சாமி படத்தைப் பார்க்கவில்லை, என் மகனைப் பார்க்கவில்லை, நேரே குழாயடிக்குப் போய்த் திருகினாள். தண்ணீர் கொட்டியது. "எந்நேரமும் வருங்களா?" என்றாள். "எந்நேரமும் வருங்க," என்றேன் நான். தை மாசம் கல்யாணம் என்று அங்கேயே நிச்சயமாயிற்று. எங்கள் தெருவில் அந்த வருஷம் மட்டும் ஒன்பது கல்யாணம், வீட்டுக்கு வீடு கீரைப் பாத்தி, வாசலில் செம்பருத்தி, பெண்கள் நிமிர்ந்து நடந்தார்கள். நான் இடுப்புவலி மாத்திரையை விட்டதே அந்த வருஷத்தில்தான்.

மார்கழியில் பூங்கோதை தெருக்கூட்டம் போட்டாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மில் சங்கு ஊதும், அந்த நேரத்தில் எல்லாக் குடமும் வாசலில் தளும்ப நிற்க வேண்டும், சங்கு ஓயும் வரை யாரும் ஒரு டம்ளர்கூட மொள்ளக் கூடாது, அவ்வளவுதான் வேண்டியது, ஒரு நிமிஷம். எல்லோரும் சரி என்றோம். சிலர் அழுதுகொண்டே சரி என்றோம்.

வெள்ளிக்கிழமை குடங்கள் வாசலுக்கு வாசல் வரிசையாக நின்றன, சில பேர் குடத்துக்குப் பொட்டுகூட வைத்திருந்தார்கள். குழி ஓரத்தில் சம்பூரணம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையைப் புருஷன் பக்கம் நீட்டியபடி நின்றாள். சங்கு ஊதியது. ஊதி ஓய்ந்தது. நாச்சிமுத்து காலை எடுத்துப் பார்த்தார். அப்புறம் சம்பூரணம் நீட்டிய கையைத் தட்டிக்கொடுத்து, "பாப்பாவுக்கு வெயில் படுது, கூட்டிட்டுப் போ," என்றார்.

பூங்கோதை கத்தவில்லை. தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தாள். என் முன்னால் வந்து நின்றாள்.

"உங்க ஊட்ல எல்லாம் நெறஞ்சுதுங்களாக்கா?"

"நெறஞ்சுது கண்ணு," என்றேன்.

வீட்டில் இருக்கிற என் இன்னொரு தையல் மிஷினுக்குப் பின்னால், வெட்டுத்துணி மூட்டைக்கு அடியில், ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம் கவிழ்ந்து கிடந்தது. நம்பர் போட வந்த அன்றைக்குக்கூட அவள் அந்த மூட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை, என்மேல் அவ்வளவு நம்பிக்கை. வீட்டிலிருந்து கடைக்குக் கொண்டுபோய்விட்டால் தெருக் கணக்கில் வராது என்று தெரிந்தே அதை வீட்டிலேயே வைத்திருந்தேன். தை வரைக்கும்தான், கல்யாணம் முடிந்த மறுநாளே நிறைத்துவிடுவேன் என்று என் மகன்மேல் சத்தியம் பண்ணியிருந்தேன். ஊரிலேயே நான் ஒருத்திதான் இந்தப் பாவத்தைச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் குழி ஓரத்தில் உட்கார்ந்து அழுத தங்கையிடம் நாச்சிமுத்து சொன்னது என் காதில் விழுந்தது. "உடு அம்மிணி. அவுங்க இப்பத்தான் தண்ணியப் பாக்கறாங்க." எல்லாம் அவருக்குத் தெரியும். அவள் அதற்கப்புறம் அந்த வேலையை விட்டுவிட்டாள். எந்தக் கருவிக்கும் எந்த மொழியும் செய்வதில்லை. ஊரோடு வந்து, அண்ணனுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

தை போயிற்று, கல்யாணம் முடிந்தது. புதுப்பெண் வந்த வீட்டில் உடனே தண்ணீர் நின்றால் நன்றாயிருக்காது என்று மாசி வரை தள்ளினேன். மாசியில் கத்திரி வெயில் கழியட்டும் என்றேன். வைகாசியில் மருமகள் முழுகாமல் இருந்தாள், மசக்கைக்காரியைக் குடம் தூக்க வைப்பதா என்று தோன்றியது. போன வாரம் நாச்சிமுத்துவின் மகள், நடக்கப் பழகிய பிள்ளை, தத்தித் தத்திக் குழி ஓரம் வரை போய், இரண்டு கையையும் நீட்டி, "ப்பா, வா," என்றது. இடுப்புக்கு மேலே அவர் குழிக்கு வெளியில்தான் இருந்தார், வாரி எடுத்துக்கொண்டார், ஆனால் அது அவரை நடக்கச் சொல்லித் தரையைத் தரையைக் காட்டியது. நான் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மூட்டையைத் தள்ளி, பச்சைக் குடத்தை எடுத்து, குழாய்க்கு அடியில் வைத்து, கழுத்து வரைக்கும் இல்லை, வாய் வழிய வழிய நிறைத்தேன். நிறைத்துவிட்டு, நனைந்த சேலையோடு, இந்த வயதில், மேட்டிலிருந்து குழி வரைக்கும் ஓட்டமாக ஓடினேன்.

அவர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். என் சேலையைப் பார்த்தார், மூச்சு வாங்குவதைப் பார்த்தார், காலை ஒரு முறை எடுத்துப் பார்த்தார், எனக்காகத்தான் எடுத்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"நெறச்சுட்டீங்களாக்கா?"

 தலையை ஆட்டினேன்.

"உங்களோட சேத்து முப்பத்தொண்ணு பேரு," என்றார். "இப்படித்தான் ஆராச்சும் ஒருத்தரு ஒரு நாளைக்கு ஓடி வராங்க. ஈரச் சீலையோட வந்து நின்னு பாத்துட்டுப் போறாங்க. எல்லாருமே நல்லவங்கதானுங்கக்கா. எல்லாரும் ஒரே நாள்ல ஓடி வரோணும், அவ்வளவுதான்."

முப்பது பேர் யார் யார் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் திரும்பிப் போய் என்ன செய்தார்கள் என்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது மருமகள் குழாயடியில் உட்கார்ந்து பிறக்கப் போகிற பிள்ளைக்குத் தைத்த துணிகளை அலசிக்கொண்டிருந்தாள், தண்ணீர் அவள் கால்மேல் ஓடிக்கொண்டிருந்தது. நிறைந்த குடத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். நான் ஒருத்தி நிறைத்துவைத்து என்ன ஆகப் போகிறது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன், அவள் நிமிர்ந்து என்ன அத்தை என்றாள், ஒன்றுமில்லை என்றேன். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், அவளுக்குச் சத்தம் கேட்காதபடி மெதுவாகச் சாய்த்துக் கொட்டினேன்.